பார்த்தால் டவுன், சட்டப்படி கிராமம்: 'சென்சஸ் டவுன்' என்றால் என்ன?

பைபாஸ் ஓரம் நேற்றுவரை வயல். இன்று பிளாட், அபார்ட்மென்ட், சூப்பர் மார்க்கெட். ஆனால் சாக்கடை எங்கே போகிறது, மழைத்தண்ணீர் எங்கே வடியும் என்று கேட்டால் யாரிடமும் பதில் இருக்காது. காரணம், அந்த ஊர் சட்டப்படி இன்னும் கிராமம்தான்.

எது சென்சஸ் டவுன்?

குறைந்தது 5,000 மக்கள், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், முழுநேரம் வேலை செய்யும் ஆண்களில் 75% பேருக்கு விவசாயம் அல்லாத தொழில். இந்த மூன்றும் இருந்தால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அந்த ஊரை நகரமாக எண்ணும். ஆனால் அதை நிர்வகிப்பது கிராம பஞ்சாயத்துதான். 2001-ல் நாடு முழுவதும் 1,362 ஆக இருந்த இத்தகைய ஊர்கள், 2011-ல் கிட்டத்தட்ட 3,900 ஆகிவிட்டன.

ஏன் நகராட்சி ஆக்குவதில்லை?

அது மாநில அரசின் முடிவு. ஊர்க்காரர்களுக்கும் தயக்கம் உண்டு: வரி ஏறும், ஊரக வேலை உறுதித் திட்டம் கைவிட்டுப் போகும்.

இதில் என்ன பிரச்சினை?

மாஸ்டர் பிளான் பெரும்பாலும் நகரங்களுக்குத்தான். அதற்கு வெளியே விவசாய நிலத்தை மனையாக்க ஒவ்வொரு விண்ணப்பமும் தனித்தனியாகப் பார்க்கப்படுகிறது. ஒவ்வொன்றும் விதிப்படி சரியாகவே இருக்கலாம். ஆனால் நூறு மனைப்பிரிவுகள் சேர்ந்தால் வடிகால், பள்ளிக்கூடம், அகலமான ரோடு எங்கே வரும் என்று மொத்தமாக யாரும் யோசிப்பதில்லை. அனுமதி கொடுப்பது வேறு, திட்டமிடுவது வேறு.

வழி இல்லையா?

இருக்கிறது. கிராமத்தையும் நகரத்தையும் சேர்த்துத் திட்டமிட, மாவட்டத் திட்டக் குழு வேண்டும் என்று அரசியலமைப்பின் 243ZD பிரிவு சொல்கிறது. கேரளத்தில் சென்சஸ் டவுன்கள் பத்தாண்டில் 99-லிருந்து 461 ஆகின. அங்கே 2008-ம் ஆண்டுச் சட்டம் நெல்வயல்களைப் பட்டியலிட்டு, மனையாக்கக் கட்டுப்பாடு விதித்தது. 2016-ம் ஆண்டு நகர, ஊரமைப்புச் சட்டம் திட்டமிடலைக் கிராம பஞ்சாயத்துகளுக்கும் விரித்தது.

மனை வாங்கப் போகிறீர்களா?

பத்திரம், பட்டா மட்டும் போதாது. மனைப்பிரிவுக்கு அனுமதி இருக்கிறதா, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட திட்டம் என்றால் ரேரா பதிவு உண்டா என்று பாருங்கள். கூடவே, பக்கத்து நிலத்தில் நாளைக்கு என்ன வரும் என்று பஞ்சாயத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால், அங்கே திட்டம் எதுவும் இல்லை என்றுதான் அர்த்தம்.