கண்டிக் குன்றுகளின் ஒற்றையடிப் பாதைகள்

கண்டி ஏரிக்கரையை விட்டுத் தென்கிழக்குத் திசையாகச் செல்லும் தெருவில் இரண்டு மைல் அளவு ஏறிச் சென்றால் அம்பிட்டிய என்னும் சிற்றூரை அடைவோம். ஒரு புறத்தில் ஹந்தானை மலைத்தொடர் ஓங்கி நிற்கின்றது. மறு புறத்தில் நிலம் படிப்படியாகச் சரிந்து மகாவலி கங்கையை நோக்கி இறங்குகின்றது. ஆற்றுக்கு அப்பால் தும்பறைப் பள்ளத்தாக்கு. அதற்கும் அப்பால், மடக்கிய விரல்களின் கணுக்கள் போலத் தோன்றுவதால் ஆங்கிலேயர் நக்கிள்ஸ் என்று பெயரிட்ட மலைகள். வானம் வெளுத்திருக்கும் காலைப் பொழுதில் இக்காட்சியைக் கண்டவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். இக்காலத்தில் விடுமுறை நாட்களிலே இளைஞர்கள் இம்மலைப் பாதைகளில் ஓட்டப் பயிற்சி செய்வதையும், முதியோர் கைத்தடியுடன் உலாவுவதையும் காணலாம். யாரும் அவர்களைத் தடுத்து நிறுத்தி, நீ யார், எங்கே போகிறாய் என்று கேட்பதில்லை. ஆனால் இப்பாதைகளில் நடப்பதற்கும், இவ்வுச்சிகளில் நின்று பார்ப்பதற்கும் யாருக்கு உரிமை என்னும் கேள்வி, நானூறு ஆண்டுகளாக இம்மலைநாட்டின் வரலாற்றை நடத்திவந்த கேள்வியாகும். அதைப் பற்றியே இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

கண்டி அரசர்கள் தெரு அமைக்கத் தெரியாதவர்கள் அல்லர். பெருங்குளங்களும் மாளிகைகளும் கட்டிய நாட்டினர்க்கு ஒரு வழியை அகலமாக்குவது பெரிய காரியமா? அவர்கள் வேண்டுமென்றே பாதைகளைக் குறுகலாக வைத்திருந்தனர். 1660ஆம் ஆண்டு திருகோணமலைக்கு அண்மையிலே பிடிபட்டு, இரண்டாம் இராசசிங்கனின் நாட்டிலே பத்தொன்பது ஆண்டுகள் சிறையிருந்த இராபட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேய மாலுமி இதனைத் தெளிவாக எழுதி வைத்திருக்கின்றார். நாட்டினுள்ளே புகும் வழிகள் மிகச் சில. அவற்றிலே ஒருவர் பின் ஒருவராகத்தான் செல்லல் இயலும். ஆங்காங்கே முள்மரக் கிளைகளாற் பின்னிய வாயில்கள் இருந்தன. அவற்றை மேலே தூக்கியும் கீழே இறக்கியும் திறந்து மூடினர். ஒவ்வொரு வாயிலிலும் காவலர் நின்றனர். இக்காவல் நிலையங்களுக்குச் சிங்களத்திற் கடவத்தை என்று பெயர். நம்முடைய கடவை, கடவு என்னும் சொற்களுக்கு இஃது எவ்வளவு நெருங்கி ஒலிக்கின்றது என்பதை நேயர்களே நினைந்து பார்க்கலாம்.

அரசரின் நகரிலிருந்து வெளியே செல்வோர்க்குக் கடவுச்சீட்டும் உண்டு. அது காகிதம் அன்று, ஓலையும் அன்று; களிமண்ணிற் பதித்த முத்திரை. போர்வீரனுக்குக் கொடுத்த முத்திரையில் ஈட்டியைத் தோளிற் சாத்திய மனிதன். கூலியாளுக்குக் கொடுத்ததிற் காவடித் தடியின் இரு முனைகளிலும் பொதி தொங்க நடக்கும் மனிதன். வெள்ளையனுக்குக் கொடுத்ததில் தொப்பியும் இடையில் வாளும் அணிந்த மனிதன். எழுதப் படிக்கத் தெரியாத காவலனும் ஒரே பார்வையில் விளங்கிக்கொள்ளக்கூடிய ஏற்பாடு இது. நம் காலத்துக் கடவுச்சீட்டுகளை நினைக்கும்போது இதன் எளிமை பாராட்டத்தக்கதாகவே தோன்றுகின்றது!

காட்சிமுனைகளும் அக்காலத்திற் களிப்புக்கு உரியனவாக இருக்கவில்லை. கண்டிக்கு மேற்கே கடுகண்ணாவைக் கணவாயின் அருகில் உள்ள பலன என்னும் இடத்தை எடுத்துக்கொள்வோம். சிங்கள மொழியில் அப்பெயருக்குப் பார்த்தல் என்பதே பொருள். கீழ்நாட்டிலிருந்து ஏறிவரும் படையை அங்கே நின்றால் வெகு தொலைவிலேயே கண்டுகொள்ளலாம். கண்ட உடனே ஓட்டர்கள் தலைநகருக்கு ஓடுவர். பாதையின் குறுக்கே மரங்கள் வீழ்த்தப்படும். மேலிருந்து பாறைகள் உருட்டப்படும். 1594இல் தந்துறையில் உலோப்பஸ் த சூசா என்னும் தளபதியின் கீழ் வந்த போர்த்துக்கேயர் அழிந்தனர். 1603இல் பலனைக் கோட்டையைப் பிடித்தவர்களும் அதை வைத்திருக்க முடியாமற் பின்வாங்கினர். 1638இல் கன்னொறுவையில் நடந்த போரிலே தியோகு த மெலோவின் படை ஏறக்குறைய முற்றாக மடிந்தது. 1765இல் ஒல்லாந்தர் கண்டி நகருக்குள் புகுந்துவிட்டனர். புகுந்த பின், உணவும் மருந்தும் வந்து சேர வழியின்றி நோயிற் சிக்கி, அதே ஆண்டிலே வெளியேறினர். 1803இல் ஆங்கிலேயருக்கும் இதே கதிதான். அவர்கள் அரசனாக்கிய முத்துசாமி என்னும் நாயக்கர் குலத்தவர், வெள்ளம் பெருகிய மகாவலிக் கரையிலே கண்டியரிடம் ஒப்படைக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். நகரைப் பிடிப்பது இந்நாட்டில் ஒரு பொருட்டன்று. திரும்பிப் போகும் பாதை யார் கையில் இருக்கின்றது என்பதே பொருட்டு.

இதற்கு ஒரு விலக்கும் உண்டு. 1804ஆம் ஆண்டு, ஜோன்ஸ்ற்றன் என்னும் கப்பித்தான், தமக்கு வந்த கட்டளையைப் பிறழ விளங்கிக்கொண்டு, ஏறக்குறைய 300 பேருடன் மட்டக்களப்பிலிருந்து புறப்பட்டுக் கண்டிக்குள் நுழைந்தார். துணைப்படைகள் வரவில்லை என்பதை அங்கே அறிந்ததும் திருகோணமலைக்கு விரைந்து மீண்டார். பெரும்படைகள் அழிந்த மலைகளைச் சிறிய படை ஒன்று விரைவினாலே கடந்தது என்பதுதான் இதிலுள்ள பாடம்.

அம்பிட்டிய அமைந்துள்ள கிழக்குப் புறத்திற்கு வேறொரு சிறப்பு இருந்தது. மேற்கு வழி பகைவர் வரும் வழியெனின், கிழக்கு வழி நட்பு நாடி வந்தோர் வழி. அரசர்கள் அடைக்கலம் தேடிச் சென்ற வழியுமாகும். 1602இல் ஸ்பில்பேர்கன் என்னும் ஒல்லாந்தக் கடற்றலைவர் மட்டக்களப்பிற் கரையிறங்கி, கிழக்கிலிருந்தே கண்டிக்கு வந்து விமலதர்மசூரிய மன்னனைக் கண்டார். அம்பிட்டியவைக் கடந்து தலாத்துஓயா, மாரஸ்ஸன வழியாக இன்று செல்லும் தெரு ஹங்குரன்கெத்தவை அடைகின்றது. அங்கே அரசர்க்கு இரண்டாவது அரண்மனை ஒன்று இருந்தது. தலைநகர் பகைவர் கையிற் சிக்கிய போதெல்லாம் அரசவை அங்கே ஒதுங்கியது. 1815இல் கடைசி மன்னனான ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன் தும்பறைப் பக்கமாகத் தப்பிச் சென்றான். மெதமகாநுவரவுக்கு அண்மையில், பெப்ரவரி 18ஆம் நாள் பிடிபட்டான். பின்னர் வேலூர்க் கோட்டைக்கு அனுப்பப்பட்டு 1832இல் அங்கேயே இறந்தான். அம்பிட்டிய மேட்டிலிருந்து நாம் வியந்து பார்க்கும் அப்பள்ளத்தாக்கு, தமிழகத்து நாயக்கர் வழிவந்த கடைசி அரசன் ஒளிந்திருந்த பள்ளத்தாக்கேயாகும்.

ஆங்கிலேயர் இவ்வரலாற்றை நன்றாகப் படித்தவர்கள். 1818இல் ஊவாக் கிளர்ச்சியை அடக்க அவர்கள் பட்ட பாடு அவர்களுக்கு மேலும் கற்பித்தது. எட்வேட் பாண்ஸ் என்னும் தேசாதிபதியின் காலத்திலே கொழும்பிலிருந்து கண்டிக்குப் பெருந்தெரு போடப்பட்டது. கடுகண்ணாவையில் வழியை மறித்த பாறையைத் துளைத்தனர். பாறை துளைபட்டால் கண்டி வீழும் என ஒரு பழங்கதை வழங்கியதாம். கண்டி வீழ்ந்த பின்னரே பாறை துளைபட்டது என்பதைக் கதை கேட்போர் மறந்துவிடுகின்றனர். இத்தெருவை அமைப்பதில் முன்னின்ற டோசன் என்னும் பொறியியற் கப்பித்தானுக்குக் கடுகண்ணாவையில் உயர்ந்த தூண் எழுப்பப்பட்டிருக்கின்றது. பதினாறு வயதிலேயே தெருவேலைக்கு அனுப்பப்பட்ட தோமஸ் ஸ்கின்னர், பிற்காலத்தில் மலைநாடு முழுவதையும் அளந்து வழி வகுத்தவர். காட்டிலே எளிதான ஏற்றம் எதுவென்பதை யானைகளே நன்கு அறியும் என்று அவர் சொல்லிவைத்தார். யானைத் தடம் பின்னர் மனிதத் தடமாயிற்று. மண்ணை வெட்டிக் கல்லுடைத்தவர்களோ இராசகாரிய முறையிற் கட்டாயமாகக் கொண்டுவரப்பட்ட சிங்களக் குடியானவரும், தென்னிந்தியாவிலிருந்து பயனியர் படையிற் சேர்க்கப்பட்ட தமிழருமாவர். இவர்களுக்குத் தூண் எதுவும் இல்லை.

பெருந்தெரு வந்ததும் உலாவும் பாதைகள் வந்தன. அரண்மனைக்குப் பின்னால் உள்ள உடவத்தகலே, மன்னர் காலத்திற் பொதுமக்கள் புகக்கூடாத காடு. அதனுள்ளே ஆங்கிலேயர் வளைந்து வளைந்து செல்லும் நடைவழிகளை வெட்டினர். ஹோட்டன் சீமாட்டி, டொரிங்டன் சீமாட்டி, கோடன் சீமாட்டி என்று தேசாதிபதிகளின் மனைவியர் பெயர்கள் அவற்றுக்கு இடப்பட்டன. ஏரிக்கு மேலே நகரம் முழுவதும் தெரியும் முனைக்கு ஆதர்ஸ் சீட் என்று பெயர். காவற்காரன் நின்ற இடங்களிலே இருக்கைகள் போடப்பட்டன. இயற்கையழகை நின்று பார்க்கும் வழக்கத்தை ஆங்கிலேயரே கொண்டுவந்தனர் என்று சொல்வது மிகை. ஆயினும் பார்ப்பதற்கென்றே ஓரிடத்தை வகுத்துப் பெயரிடும் வழக்கம் அவர்களுடையதுதான்.

இதே ஆண்டுகளில் வேறு சிலர் இம்மலைகளை நோக்கி நடந்துகொண்டிருந்தனர். அவர்களுடைய நடை உலா அன்று. கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளிப் பகுதிகளின் ஊர்களிலிருந்து கங்காணிமார் ஆட்களைத் திரட்டினர். அவர்கள் கரையோரத்திலே தோணி ஏறி மன்னாரிலும் அரிப்பிலும் இறங்கினர். நான் முன்னர்க் கூறிய நொக்ஸ், கண்டியிலிருந்து காடு வழியே தப்பி, 1679இல் ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டையிலேதான் விடுதலை கண்டார். விடுதலைக்கு வாயிலாக இருந்த அக்கரையே, ஏறக்குறைய 150 ஆண்டுகளின் பின், இவர்கள் காட்டுக்குள் நுழையும் வாயிலாயிற்று. அங்கிருந்து மாத்தளை வரையில் ஏறக்குறைய 150 மைல் நடை. குடிக்க நீரின்றியும், பேதியாலும் காய்ச்சலாலும் வழியில் இறந்தோர் பலர். 1841 முதல் 1848 வரையில் 70,000 பேர் வரையில் மாண்டிருக்கலாம் என்று அக்காலத்துக் கொழும்புப் பத்திரிகை ஒன்று கணக்கிட்டது. அத்தொகை மிகையானதென்று கருதும் ஆய்வாளரும் உளர். தொகை எதுவாயினும், நடைவழியோரம் எலும்புகள் கிடந்தன என்பதை அக்கால எழுத்துகள் மறைக்கவில்லை. நடந்து மீண்டவர்கள் மாத்தளையில் முத்துமாரியை வணங்கினர். அங்கிருந்து ஹந்தானைக்கும் ஹேவாஹெட்டைக்கும் தெல்தோட்டைக்கும் பிரிந்து சென்றனர்.

காட்டை அழித்துக் கோப்பி நட்டவர்களும் அவர்களே. 1869இல் இலைநோய் தோன்றிக் கோப்பி அழிந்தபின் தேயிலை நட்டவர்களும் அவர்களே. மலைச்சரிவைச் சுற்றிச் சுற்றி ஒரே சாய்வில் ஏறும் வண்டிப்பாதை, அதைச் செங்குத்தாக ஊடறுத்து லயத்திலிருந்து கொழுந்து மலைக்கு ஏறும் குறுக்குப் பாதை, நீர் பாதையை அரிக்காதிருக்க இடையிடையே வெட்டிய கான்கள் ஆகிய இவை யாவும் மண்வெட்டி கொண்டு மனிதக் கையால் இழைக்கப்பட்டவை. இன்று ஓட்டப் பயிற்சி செய்வோர் கால் சலிக்காமல் ஓடக்கூடியதாக இருப்பது அந்தச் சாய்வை அன்று அளந்து வெட்டியமையால்தான். நாள்தோறும் தோட்டத்துத் தபாற் பையைச் சுமந்துகொண்டு இப்பாதைகளில் ஓடிய ஆளையும் இங்கே நினைக்க வேண்டும். இம்மலைகளின் முதல் ஓட்டக்காரர் அவரே.

லூல்கந்துர என்னும் தோட்டத்தில் 1867ஆம் ஆண்டு 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெயிலர் என்னும் ஸ்கொத்லாந்துக்காரர் 1892 மே மாதத்தில் இறந்தார். அவருடைய உடலைக் கண்டியில் உள்ள மஹியாவ மயானத்திற்குக் கொண்டுவந்தவர்கள் தோட்டத் தொழிலாளர் 24 பேர். பன்னிருவர் பன்னிருவராக இரு குழுக்களாகி, முறை மாற்றித் தோள் கொடுத்து, மலைப்பாதை வழியே நடந்து வந்தனர். பின்னே வந்தோர் சாமி துரை என்று சொல்லி அழுதனர் என்பர். தோட்டத்தின் உச்சியிலே அவர் அமர்ந்து நிலத்தை நோக்கிய கல் ஆசனம் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது.

மறு ஆண்டு, 1893இல், பதின்மூன்றாம் சிங்கராயர் பாப்பரசரின் ஆணைப்படி அம்பிட்டிய மேட்டிலே குருமடம் நிறுவப்பட்டது. இயேசு சபையினர் அதை நடத்தினர். தமிழகம், மலையாளம், வங்காளம், யாழ்ப்பாணம் என்று பல நாட்டு இளைஞர் அங்கே ஒன்றாக இருந்து இலத்தீன் மொழியிற் பாடம் கேட்டனர். இந்தியத் திருச்சபைக்குக் குருக்களையும் ஆயர்களையும் தந்த அக்குருமடம் 1955இல் பூனா நகருக்கு மாற்றப்பட்டது. கடல் கடந்து வந்து படிப்பது, இரு நாடுகளும் தனித்தனி அரசுகளான பின், முன்போல் எளிதாக இருக்கவில்லை. அம்பிட்டிய மேட்டின் கட்டடங்களில் இப்பொழுது இலங்கையின் தேசிய குருமடம் நடைபெறுகின்றது.

குருமாணவர்க்கு நேர்ந்தது இடமாற்றம் மட்டுமே. தோட்டத்து மக்களுக்கு நேர்ந்தது அதனிலும் பெரிது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் அவர்களிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964இல் இரு நாட்டுப் பிரதமர்கள் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேரை இலங்கை ஏற்பதென்றும் வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரின் நிலை பின்னரே பேசப்பட்டது. பாட்டன் நடந்து ஏறிய பாதையிற் பேரன் மூட்டையுடன் இறங்கினான். களிமண் முத்திரைக்குப் பதிலாகக் கையிலே கடவுச்சீட்டு இருந்தது. இங்கேயே தங்கியும் குடியுரிமை பெறாதிருந்தோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே அதை வழங்கியது.

அண்மைக் காலத்தில் இப்பழைய தோட்டப் பாதைகளை இணைத்துப் பெக்கோ பாதை என்னும் நீண்ட நடைவழி வகுக்கப்பட்டிருக்கின்றது. 22 கட்டங்கள், 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரம். ஹந்தானையில் உள்ள தேயிலை அருங்காட்சியகத்தின் அருகே அது தொடங்குகின்றது. முதற் கட்டம் கலஹாவில் முடிகின்றது. இரண்டாவது கட்டம் லூல்கந்துரவில் முடிகின்றது. ஹந்தானை மலைத்தொடரும் 2010இல் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாக அறிவிக்கப்பட்டுள்ளது. இப்பாதைகளிற் செல்ல விரும்புவோர் விடியற்காலையிற் புறப்படுதல் நன்று. பிற்பகலில் மூடுபனி இறங்கிவிட்டால் பத்தடிக்கு அப்பால் உள்ளது தெரியாது. மழைக்காலத்தில் அட்டைக் கடியும் வழுக்கற் பாறையும் உண்டு. பாதை இன்னும் பல இடங்களில் ஒருவர் பின் ஒருவராகச் செல்லும் அகலமே உடையது. கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிய பெண்கள் நிறுவைக்கு விரைந்து எதிரே வருவார்கள். அவர்களுக்குக் கூலி அன்றைய நிறையைப் பொறுத்தது. ஓடுபவர் நின்று, மலைப்பக்கமாக ஒதுங்கி, அவர்கள் கடந்து போகும் வரையில் வழிவிட வேண்டும்.