ராதாபுரம் வட்டாரத்தின் பழம்படிவுகளும் நிலத்தடி நீரும்

ராதாபுரம் வட்டாரம், திருநெல்வேலி மாவட்டத்தின் தெற்கே மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் மன்னார் வளைகுடாவுக்கும் இடைப்பட்ட வறண்ட சமவெளியாகும். தென்மேற்குப் பருவமழையை மலை மறைத்துவிடுவதால், உழவர்கள் வடகிழக்குப் பருவமழையையும் கிணறுகளையுமே பெரிதும் நம்பியுள்ளனர். ஆனால் ஒரே அளவு மழை பெய்தாலும் அடுத்தடுத்த ஊர்க் கிணறுகள் ஒன்றுபோல் ஊறுவதில்லை. பண்டைக் காலத்தில் ஆறும் கடலும் காற்றும் விட்டுச் சென்ற படிவுகள் இதற்கு முக்கியக் காரணம்.

மலையடிவாரம்

பணகுடி, வள்ளியூர்ப் பகுதிகளின் அடியில் இருப்பது மிகப் பழைய கடினப் பாறை. இப்பாறையில் வெடிப்புகளிலும் சிதைந்த மேற்பகுதியிலும் மட்டுமே நீர் தங்கும். மலையிலிருந்து இறங்கும் நம்பியாறும் அனுமன் நதியும் சமவெளியில் வேகம் குறைந்து, சரளையையும் பருமணலையும் முதலில் விட்டுவிடுகின்றன. வண்டலும் களியும் அதற்கப்பால் படிகின்றன. பருமணலின் இடைவெளிகளில் நீர் எளிதில் புகுந்து நகரும். களிமண் நீரைப் பிடித்து வைக்குமே தவிர, கிணற்றுக்கு எளிதில் விடாது.

தேரி

கடற்கரையை ஒட்டிக் குட்டம் முதலிய ஊர்களில் செம்மணல் மேடுகளான தேரிகள் உள்ளன. இவை காற்று குவித்தவை. இரும்பு ஆக்சைடு பூச்சே செந்நிறத்திற்குக் காரணம். புவியியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபுட், மதுரை, திருநெல்வேலி மாவட்டங்கள் குறித்து 1883-இல் வெளியான தம் நூலில் தேரிகளை விவரித்துள்ளார். 1956-இல் சாய்னரும் ஆல்சினும் தேரிகளில் கிடைத்த நுண்கற்கருவிகளைப் பற்றி எழுதினர். பழங்கால மனிதர் இங்கு வாழ்ந்ததற்கு அவை சான்று.

தேரியில் விழும் மழை ஓடாமல் உள்ளே இறங்கி, தாழ்வான இடங்களில் சுனையாகக் கசியும். திருச்செந்தூர் அருகே மேலப்புதுக்குடித் தேரியிலுள்ள கோயிலில் தெய்வத்தின் பெயரே அருஞ்சுனை காத்த அய்யனார்.

ஆயன்குளம் கிணறு

2021-ஆம் ஆண்டு மழையின்போது திசையன்விளை அருகே ஆயன்குளம் படுகையிலுள்ள கிணறு ஒன்று, வெள்ள நீர் நாள்கணக்கில் பாய்ந்தும் நிரம்பவில்லை. சென்னை ஐ.ஐ.டி. குழு ஆராய்ந்தபோது, சுண்ணாம்புப் பாறை கரைந்து உண்டான நிலத்தடிக் குகைவழிகளே காரணம் எனத் தெரிந்தது. கரியமில வாயு கலந்த மழைநீர் மென்மையான அமிலமாகிச் சுண்ணாம்பை நெடுங்காலமாகக் கரைத்துவந்துள்ளது.

இன்றைய பயன்

இத்தகைய கிணறுகள் வீணாகும் வெள்ளத்தை நிலத்தடியில் சேர்க்க உதவும். ஆனால் மணல் வடிகட்டுவதுபோல் குகைவழி வடிகட்டாது. வெள்ளத்தோடு செல்லும் கழிவும் நேராக நிலத்தடி நீரில் கலந்துவிடும். கடலோரத்தில் அளவுக்கு மீறி நீரை இறைத்தால், நன்னீர் விலகிய இடத்தில் உப்புநீர் புகும். 2009-இல் தொடங்கப்பட்ட தாமிரபரணி–கருமேனியாறு–நம்பியாறு இணைப்புத் திட்டம் வெள்ள நீரை இவ்வறண்ட பகுதிக்குக் கொண்டுவருவதற்கானது. வரும் நீரை எங்கே தேக்குவது, எங்கே இறக்குவது என்பதை அந்தந்த இடத்தின் படிவை அறிந்தே முடிவு செய்ய வேண்டும்.