பிரசன்னத் திருநாளும் பாலக்காட்டுக் கணவாயும்

மார்கழி மாதத்தின் பின்பகுதியில், பொங்கலுக்கு எட்டொன்பது நாட்கள் இருக்கையில், ஜனவரி 6ஆம் தேதியன்று கிறிஸ்தவ உலகம் ஒரு பழம்பெரும் திருநாளைக் கொண்டாடுகின்றது. கிறிஸ்துமஸ் பண்டிகையை அறியாதார் இலர். இதனை அறிந்தாரோ சிலரே. லூத்தரன் சபையைச் சார்ந்த தமிழர் இதனைப் 'பிரசன்னத் திருநாள்' என்பர். கத்தோலிக்கர் ஏட்டு வழக்கில் 'திருக்காட்சிப் பெருவிழா' என்றும், பேச்சு வழக்கில் 'மூன்று ராஜாக்கள் திருநாள்' என்றும் கூறுவர். மலையாள நாட்டின் சுரியானிக் கிறிஸ்தவர் 'தனஹா' என்பர். உதயம் என்பது அச்சுரியானிச் சொல்லின் பொருள். ஒரே நாளுக்குரிய இத்தனை பெயர்களும் அண்டை வீடுகளில் வழங்கும் நாடு எது என்று வினவினால், பாலக்காட்டுக் கணவாயையும் இடுக்கி மலைகளையும் சுட்டிக் காட்டலாம். தமிழும் மலையாளமும் கைகோத்து வாழும் இவ்வெல்லைப் புறத்தில் லூத்தரன் மரபு எவ்வழியே வந்தது, அம்மரபின் திருநாள் ஒன்று தமிழ்த் திருநாளாக எவ்வாறு ஆயிற்று என்பதே இங்கு நாம் கூற முற்படுவது.

முதலில் நாளின் பொருளைப் பார்ப்போம். பிரசன்னமாதல் என்றால் வெளிப்பட்டுத் தோன்றுதல். 'எப்பிபானெயா' என்னும் கிரேக்கச் சொல்லின் கருத்தும் அதுவே. கீழை நாட்டுச் சபைகளில் இது கிறிஸ்துவின் ஞானஸ்நானத்தை நினைக்கும் நாள். மேலை நாட்டுச் சபைகளிலோ, விண்மீன் ஒன்றைக் கண்டு கீழ்த்திசையிலிருந்து புறப்பட்டு வந்த ஞானிகள் பொன்னும் தூபவர்க்கமும் வெள்ளைப்போளமும் கொண்டு குழந்தை இயேசுவைப் பணிந்த நாள். அவர்கள் மூவர் என்று வேதத்தில் இல்லை. காணிக்கை மூன்று ஆதலால் வந்தவரும் மூவர் என்று பிற்காலத்தார் கணக்கிட்டனர். அரசர் என்றும் வேதம் சொல்லவில்லை. தமிழ் வேதாகமம் அவர்களைச் 'சாஸ்திரிகள்' என்கின்றது. பாலக்காட்டு அக்கிரகாரங்களின் பக்கத்தில் வளர்ந்தவருக்கு இச்சொல் எத்துணை அணுக்கமானது என்பதை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. நூல் கற்று, வானத்தை நோக்கி, கணித்துச் சொல்லும் ஒருவரை அவர்கள் தெருக்கோடியிலேயே கண்டிருப்பர். மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்த மாத்திரத்தில் பாரசீகத்துப் பயணிகள் நம் ஊர்க்காரர் ஆகிவிட்டனர்.

லூத்தரன் சமயம் தமிழகத்தில் கால் வைத்தது 1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் தேதியில். டென்மார்க்கு அரசர் நான்காம் பிரெடரிக்கின் ஆணையால், சீகன்பால்கு, புளூட்சோ என்னும் இரு ஜெர்மானியர் அன்று தரங்கம்பாடியில் வந்து இறங்கினர். அவர்கள் கோபன்ஹேகனை விட்டுப் புறப்பட்டது 1705 நவம்பர் 29. ஆகவே, அவ்வாண்டின் பிரசன்னத் திருநாள் அவர்களுக்குக் கரை காணாக் கடலிலே கழிந்தது. வந்த மறு ஆண்டே சிறு ஆலயம் ஒன்று எழுந்தது. 1714இல் புதிய ஏற்பாட்டின் முதற் பகுதியும் 1715இல் எஞ்சிய பகுதியும் தமிழில் அச்சாயின. இன்றும் நிற்கும் புதிய எருசலேம் ஆலயம் 1718 அக்டோபரில் பிரதிஷ்டை செய்யப்பெற்றது. அதன்பின் நான்கு மாதமே சீகன்பால்கு உயிரோடிருந்தார்.

ஒரு காலப் பொருத்தம் நம்மை வியக்க வைக்கின்றது. 1733 டிசம்பர் 28இல் தரங்கம்பாடியில் ஆரோன் என்னும் தமிழர் குருப்பட்டம் பெற்றார். இந்தியப் புராட்டஸ்டண்டு குருமாரில் அவரே முதல்வர். அதற்கு ஓராண்டு கழித்து, 1735 ஜனவரி 6இல், லைப்சிக் நகரத்து ஆலயத்தில் பாக் என்னும் இசை மேதை தமது கிறிஸ்துமஸ் இசைக் கோவையின் ஆறாம் பகுதியை, சாஸ்திரிகளின் வருகையைப் பாடும் பகுதியை, முதன்முதல் இசைப்பித்தார். கீழ்த்திசையோர் வருகின்றனர் என்று அங்கே பாடிய சபைக்குக் காவிரிக் கழிமுகத்தில் ஒரு தமிழ்க் குரு சபை நடத்துவது தெரிந்திருக்குமோ, தெரியாதோ! ஒரு நூற்றாண்டு கழிந்தபின் அந்த லைப்சிக் நகரே தமிழ் லூத்தரன் சபைக்குத் தாய்வீடாயிற்று. 1836இல் டிரெஸ்டனில் தோன்றிய மிஷன் சங்கம் 1848இல் லைப்சிக்கிற்கு மாறியது. அதன் முதல் ஊழியரான கார்டெஸ் 1841இல் தரங்கம்பாடிக்கு வந்தார். 1845இல் டேனியர் அவ்வூரை ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றுவிட்டனர். அச்சங்கத்தின் தலைவராயிருந்த கார்ல் கிரௌல் திருக்குறளை ஜெர்மன் மொழியில் பெயர்த்தவர் என்பதையும் போகிற போக்கில் சொல்லி வைப்போம்.

பாட்டின் செய்தி வேறு. 1740இல் வந்த பப்ரிசியுஸ் ஜெர்மன் பாடல்களை அவற்றின் மெட்டு மாறாமல் தமிழாக்கினார். அவை 'ஞானப்பாட்டுகள்' என்னும் பெயரில் லூத்தரன் ஆலயங்களில் இன்றும் ஒலிக்கின்றன. ஜெர்மன் மெட்டுக்குள் தமிழ் அசைகளை அடைத்ததால் சில இடங்களில் சொல் நெளிந்து போயிற்று என்பதை மறைப்பதற்கில்லை. பழகிய செவிக்கு அந்த நெளிவே இனிமையாகும். பழகாதார்க்கு அது விளங்காது. இக்குறையைத் தீர்க்க வந்தவர் போலத் தஞ்சையில் தோன்றினார் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864). சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்து, சரபோஜி மன்னரோடு பயின்ற அவர், பெத்தலகேம் குறவஞ்சியை இயற்றினார். குறவஞ்சி என்பது மலைக்குறத்தி வந்து குறி சொல்லும் நாடகம். விண்மீனைப் பார்த்து வழிகண்ட சாஸ்திரிகளின் கதைக்கு அதைவிடப் பொருத்தமான வடிவம் தமிழில் உண்டோ? அதிலும் ஒரு புதுமை: சூரியனை நடுவாக வைத்துக் கோள்கள் சுற்றும் மேனாட்டு வானநூற் கொள்கையை அவர் அந்நூலில் பாட்டாக்கியிருக்கிறார். பெத்தலகேமின் விண்மீன் எது என்று ஆராய்ந்த கெப்ளர், கி.மு. 7இல் வியாழனும் சனியும் நெருங்கியதைக் கணித்தார். அந்த மரபின் வானநூல் தஞ்சையில் குறத்தியின் கூத்தோடு சேர்ந்தது.

இனி மேற்கே செல்வோம். தரங்கம்பாடி, தஞ்சை, திருச்சி என்று காவிரியைப் பற்றிக்கொண்டு வந்த லூத்தரன் சபை, கொங்கு நாட்டில் கோயம்புத்தூரையும் பொள்ளாச்சியையும் அடைந்தது. அங்கிருந்து கணவாயின் வாயில் கூப்பிடு தொலைவு. 1862இல் சென்னையையும் மேலைக் கடற்கரையையும் இணைத்த இருப்புப்பாதை இக்கணவாய் வழியே சென்றது. ஆனால் கணவாயின் மறுபுறத்தில் வேறொரு ஜெர்மன் மரபு முன்னரே வேலை தொடங்கிவிட்டது. அது பாசல் மிஷன். 1834இல் மங்களூரில் காலூன்றி, கண்ணூர், தலைச்சேரி, கோழிக்கோடு என்று தெற்கே வந்து, 1858இல் பாலக்காட்டை அடைந்தது. லூத்தரன், சீர்திருத்த சபை ஆகிய இரு மரபினரும் கலந்து நடத்திய சங்கம் அது. மலையாள அகராதி செய்த குண்டர்ட் அதன் ஊழியரே. சபையில் சேர்ந்ததனால் பிழைப்பை இழந்தவர்க்கு வேலை தரும்பொருட்டு நெசவாலைகளையும் ஓட்டுத் தொழிற்சாலைகளையும் நிறுவியது. பாலக்காட்டிலும் அதன் ஓட்டுத் தொழிற்சாலை இருந்தது. ஒருபுறம் லைப்சிக், மறுபுறம் பாசல். ஒருபுறம் தமிழ், மறுபுறம் மலையாளம். ஜெர்மானியர் இருவர் கொணர்ந்த ஒரே நாட்காட்டி இரு மொழிகளில் ஓதப்பட்டது.

முதல் உலகப் போர் இரண்டையும் உலுக்கிற்று. 1914க்குப் பின் ஜெர்மானிய ஊழியர் காவலில் வைக்கப்பட்டும் நாடு கடத்தப்பட்டும் போயினர். பாசல் மிஷனின் தொழிற்சாலைகள் பிறர் கைக்கு மாறின. அதன் மலையாளச் சபைகள் 1947 செப்டம்பர் 27இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையில் கலந்தன. தமிழ்ச் சபைகளைச் சுவீடன் தேசத்துச் சபை தாங்கிக்கொண்டது. 1919 ஜனவரி 14ஆம் தேதி, பொங்கலை ஒட்டி, தமிழ் சுவிசேஷ லூத்தரன் திருச்சபை தோன்றியது. 1921இல் ஹியூமன் முதற் பேராயர் ஆனார். 1956இல் ராஜா மாணிக்கம் பேராயர் பீடம் ஏறியபோதுதான் அப்பதவி ஓர் இந்தியருக்கு வாய்த்தது. தமிழ்த் திருச்சபை பிறந்த நாள் பிரசன்னத் திருநாளை அடுத்த எட்டாம் நாள் என்பதைச் சபையாரில் பலர் எண்ணிப் பார்த்ததில்லை போலும்.

இடுக்கி மலைகளின் கதை இதனின் வேறுபட்டது. 1877இல் மன்றோ என்னும் ஆங்கிலேயர் பூஞ்சாற்று அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைப் பெற்றார். பின்னர் அங்கே தேயிலை வந்தது. கங்காணிமார் வழியே பாண்டி நாட்டிலிருந்தும் பிற தமிழ் மாவட்டங்களிலிருந்தும் உழைப்பாளர் குடும்பம் குடும்பமாக மலையேறினர். இங்கே புராட்டஸ்டண்டு ஊழியத்தைப் பெரிதும் செய்தது ஆங்கிலிக்கன் மரபு. மூணாற்றின் கிறிஸ்து ஆலயம் அம்மரபினதே, இன்று தென்னிந்தியத் திருச்சபையைச் சார்ந்தது. லயத்து வீட்டில் குடியிருப்பவன் தன் சபை எது என்று தேடிக்கொண்டு நாற்பது மைல் நடக்க முடியாது. அருகிலுள்ள மணி எதுவோ அதன் ஓசைக்கே செல்வான். எனவே கீழ்நாட்டிலிருந்து லூத்தரனாக வந்தவனும் வேறு சபையினனும் ஒரே பலகையில் அமர்ந்து ஒரே தமிழ் வேதத்தைப் படிக்கும் நிலை மலைநாட்டில் இயல்பாயிற்று.

அயலாரிடத்தில் இத்திருநாள் வேறு கோலம் பூணுகிறது. பாலக்காட்டை அடுத்த திருச்சூர்ப் புறத்தில், சிறப்பாக இரிஞ்ஞாலக்குடையில், 'பிண்டிகுத்தி' என்பர். வாழைத்தண்டை வீட்டு முற்றத்திலும் ஆலயத்தின் முன்னும் நட்டு, அதில் விளக்குகளைச் செருகி ஒளியூட்டுவர். தெற்கே சில இடங்களில் 'ராக்குளி' என்று இரவு நீராட்டம் உண்டு. ஞானஸ்நானத்தின் நினைவு அது. மார்கழி நீராட்டும் திருவாதிரை இரவும் உள்ள நாட்டில் இது புதுமையாகத் தோன்றாது. பிறவத்து ஆலயமோ மூன்று ராஜாக்களின் பெயரோடு இணைந்து புகழ் பெற்றது. இவ்வளவு ஒளிக்கும் ஆரவாரத்துக்கும் நடுவில் லூத்தரன் ஆலயத்துப் பிரசன்ன ஆராதனை அடக்கமாகவே நடக்கும்: பீடத்தில் வெள்ளை விரிப்பு, ஏசாயாவின் பாடம், மத்தேயுவின் சுவிசேஷம், ஞானப்பாட்டு, கீர்த்தனை, மிஷன் வேலைக்கான காணிக்கை. கண்ணுக்கு விருந்து குறைவுதான். ஆயினும் செவிக்கு உண்டு.

ஜனவரி 6 வேலை நாளாக விழுமாயின் என் செய்வது? இது வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர் அனைவரும் அறிந்த இடர். அடுத்த ஞாயிற்றுக்குத் திருநாளை மாற்றிவிடுவர். பெரியோர் சிலர் இதைக் காலத்தின் கேடு என்று நொந்துகொள்வதுண்டு. அவர்கள் நொந்துகொள்ள வேண்டியதில்லை; 1770இலேயே டென்மார்க்கு அரசு விடுமுறைத் திருநாட்களைக் குறைத்தபோது இந்நாளும் நீங்கிற்று, கொண்டாட்டம் ஞாயிற்றுக்கிழமைக்குப் போயிற்று. தரங்கம்பாடிக்கு ஆள் அனுப்பிய நாடே அவ்வாறு செய்தது. சுவீடனிலோ இன்றும் அது பொது விடுமுறை.

நாள் மாறினால் பெரிதன்று. மொழி மாறினால் என்னாகும் என்பதே எல்லைப்புறத் தமிழரின் உண்மையான கவலை. 1956 நவம்பர் 1இல் மாநிலங்கள் மொழிவழி பிரிந்தன. அதுவரை சென்னை மாகாணத்து மலபாரில் இருந்த பாலக்காடு கேரளம் ஆயிற்று. தேவிகுளமும் பீர்மேடும் தமிழர் மிகுந்திருந்தும் கேரளத்திலேயே நின்றன. அவ்விரண்டையும் அடக்கிய இடுக்கி மாவட்டம் 1972இல் அமைந்தது. தமிழ்ப் பள்ளிகள் உள. எனினும், அலுவலகத்திலும் கடைத்தெருவிலும் மலையாளமே வேண்டும். அத்தகைய வீட்டுப் பிள்ளை ஞாயிறுதோறும் தமிழ் எழுத்தைக் கூட்டிப் படிக்கும் இடங்களுள் ஆலயம் ஒன்று. மலையாளத்தில் ஆராதனை நடந்தால் சிறுவர்க்கு எளிதாகும் என்பாரும், தமிழை விட்டால் பாட்டிமார் ஊமையாவர் என்பாரும் ஒரே சபையில் உளர். இரு தரப்பிலும் நியாயம் உண்டு. எமக்கோ, பாட்டிமார் பக்கமே மனம் சாய்கின்றது. பப்ரிசியுஸின் பாட்டும் சாஸ்திரியாரின் கீர்த்தனையும் மனப்பாடமாக இருப்பது அவர்களிடத்தில்தான். ஓராண்டு பாடாது விட்ட பாட்டை மறு ஆண்டு தொடங்கிவைக்க ஆள் கிடைப்பது அரிது.

பிரசன்னம் ஒரு நாளோடு முடிவதன்று; ஒரு பருவம். அதன் நீளத்தை ஈஸ்டர் பண்டிகை முடிவு செய்கின்றது. பழைய பாட முறையில் இப்பருவத்து ஞாயிறுகள் ஒன்று முதல் ஆறு வரை அமையும். ஈஸ்டர் மார்ச் 23இல் வந்த 2008இல் அக்கணக்குப்படி ஒரு ஞாயிறே கிட்டியது. ஏப்ரல் 25இல் வரும் 2038இல் ஆறும் கிட்டும். பொங்கல் எப்போதும் இப்பருவத்துள் அடங்கும். அதையொட்டிக் கானாவூர்க் கலியாணத்தின் பாடம் வரும்; அடுத்து நூற்றுக்கு அதிபதியின் பாடம்; அதன்பின் புயலை அமர்த்திய பாடம்; ஐந்தாம் ஞாயிற்றில் கோதுமைக்கு நடுவே முளைத்த களைகளின் உவமை. சித்தூர் வயல்களில் களையெடுத்துப் பழகிய கைகளுக்கு இவ்வுவமைக்கு உரை வேண்டுவதில்லை. கடைசி ஞாயிற்றின் பாடம் ஒரு மலையின் மேல் நடப்பது: முகம் சூரியனைப்போல் ஒளிர, சீஷர் மூவர் அங்கேயே தங்கிவிட விரும்புகின்றனர், ஆயினும் இறங்கி வருகின்றனர். அந்த ஞாயிறு வருமுன் மூணாற்றில் உறைபனி குறைந்திருக்கும்; கணவாயில் மாதக்கணக்கில் வீசிய உலர்ந்த கீழைக்காற்றும் தணியத் தொடங்கும். பீடத்து விரிப்பு மாறும். மூன்று வாரம் கழிந்து வரும் புதன்கிழமை சாம்பல் புதன்.