91ஆம் குதமும் ஒரு தீயணைப்பாளரின் சட்டையும்

திருகோணமலையில் வளர்ந்த எவருக்கும் சீனக்குடா எண்ணெய்க் குதங்களின் கதை கொஞ்சமாவது தெரிஞ்சிருக்கும். இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் பிரிட்டிஷ்காரர் தங்கள் கடற்படைக்காகக் கட்டியவை. மொத்தம் 101. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் எண்ணெய் கொள்ளும். இண்டைக்கு மிஞ்சியிருப்பது 99.

காணாமல்போன இரண்டில் ஒன்றுதான் 91ஆம் குதம். 1942 ஏப்ரல் 9 காலையில், சித்திரை வருடப்பிறப்புக்குச் சில நாட்களே இருக்க, நூற்றுக்கும் மேற்பட்ட ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத்தளத்தையும் தாக்கின. 'சகாயிங்' என்ற கப்பல் துறைமுகத்துக்குள்ளேயே பற்றி எரிந்தது. 'ஹெர்மிஸ்' விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கியது. ஒரு ஜப்பானிய விமானம் 91ஆம் குதத்தில் வந்து மோதியது. தீ ஏழு நாள் எரிந்ததாகச் சொல்வார்கள்.

இந்தக் கதையை யார் சொன்னாலும் விமானியைப் பற்றித்தான் சொல்லுவினம். வேணுமெண்டு மோதினானா, தவறி விழுந்தானா என்று வாதமும் நடக்கும். எனக்கு வேற கேள்வி. அந்த வெக்கைக்கு முன்னால் நின்றவர்கள் என்ன உடுத்திருந்தார்கள்?

பெரிய எண்ணெய்க் குதம் ஒன்று பற்றினால் தண்ணி அடிச்சு அணைக்க ஏலாது. தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் இறங்கிக் கொதித்தால், எரியும் எண்ணெயையே வெளியே தூக்கி வீசும். நுரை வேண்டும். பக்கத்துக் குதங்களைக் குளிர்விக்கவும் வேண்டும். அப்படி நிற்பவரைத் தீ தொடவே தேவையில்லை, தூரத்திலிருந்து வரும் வெப்பக் கதிரே தோலைச் சுடும்.

அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் தீயணைப்பாளரின் உடை தடித்த கம்பளிச் சட்டை, உருக்குத் தொப்பி, சப்பாத்து, இடுப்பில் கோடரி. கம்பளியைக் குறைவாக நினைக்க வேண்டாம். பருத்தி லேசில் பற்றும். நைலோனும் பொலியஸ்டரும் உருகித் தோலில் ஒட்டும். கம்பளியோ கருகுமே தவிர உருகாது. ஆனால் நனைந்தால் பாரம். அது எத்தனை செக்கன் தாங்க வேண்டும் என்று அளந்து சொல்ல அப்போது பொதுவான தரம் எதுவும் இருக்கவில்லை.

தரம் மெதுவாகத்தான் வந்தது. 1960களில் அமெரிக்காவின் டூபொன்ட் நிறுவனம் நோமெக்ஸ் என்ற இழையைக் கொண்டுவந்தது. 1975இல் அமெரிக்காவில் என்.எஃப்.பி.ஏ. 1971 என்ற தரம் வெளியானது. ஐரோப்பாவின் ஈ.என். 469 வர 1995 ஆனது. இப்போதைய உடை மூன்று அடுக்கு: வெளியே தீயைத் தாங்கும் துணி, நடுவில் நீரைத் தடுக்கும் படலம், உள்ளே வெப்பத்தைத் தடுக்கும் அடுக்கு. அமெரிக்கத் தரப்படி, ஓர் அறை முழுதும் ஒரேயடியாகப் பற்றும்போது எழும் வெப்பத்தில், இரண்டாம் நிலைத் தீக்காயம் வர ஏறத்தாழ 17.5 செக்கனாவது பிடிக்க வேண்டும். அவ்வளவுதான். அந்த உடை நெருப்புக்குள் நிற்பதற்கானது இல்லை, வெளியே ஓடி வருவதற்கானது.

வெப்பத்தை உள்ளே விடாத உடை, உடம்பின் வெப்பத்தை வெளியேயும் விடாது. அதனால் உடை எவ்வளவு வெப்பத்தை வெளியேற்றுகிறது என்பதற்கும் அதே தரம் ஒரு கீழ் எல்லை வைத்திருக்கு: ஒரு சதுர மீற்றருக்கு 205 வாட். இப்ப எங்கட ஊரை யோசிச்சுப் பாருங்கோ. கச்சான் காற்று அடிக்கிற ஆடி மாத மத்தியானத்தில், மூச்சுக் கருவியோடு சேர்த்து 20 கிலோவுக்கு மேல் சுமந்துகொண்டு ஒருவர் நிற்கிறார். குளிர்நாட்டில் அரை மணித்தியாலம் தாக்குப்பிடிப்பவர் இங்கே அதற்கு முதலே மயங்கி விழலாம். தீக்காயமே இல்லாமல் வெக்கையும் ஆளைக் கொல்லும்.

உடை மட்டும் போதாது என்பதற்கு பம்பாய் சாட்சி. 1944 ஏப்ரல் 14இல் அங்கே துறைமுகத்தில் 'ஃபோர்ட் ஸ்டிகின்' கப்பலில் தீப்பிடித்தது. பருத்தியும் வெடிபொருளும் ஒரே கப்பலில். அது வெடித்தபோது 66 தீயணைப்பாளர் இறந்தனர். அந்த நாளைத்தான் இந்தியா இன்றும் தீயணைப்புச் சேவை நாளாக நினைவுகூர்கிறது. எந்தச் சட்டையும் அவர்களைக் காப்பாற்றியிருக்காது. எதை ஏற்றிய கப்பல் என்று தெரிந்து, தள்ளி நிற்கச் சொல்லியிருந்தால் பலர் தப்பியிருக்கக்கூடும். கொழும்புக்கு வெளியே 2021இல் எரிந்த எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலில் 25 தொன் நைத்திரிக் அமிலம் இருந்தது. அமிலத்துக்குத் தேவையான உடையே வேறு.

2022 ஜனவரியில் இந்த 99 குதங்களையும் 14, 24, 61 என்று பிரிச்சு ஒப்பந்தம் போட்டார்கள். எது யாருக்கு என்ற சண்டையைப் பேப்பர்களில் நிறைய வாசிச்சோம். பழைய குதங்களில் திரும்ப எண்ணெய் நிரம்பினால், அவற்றைக் காக்கப் போறவருக்கு என்ன உடை என்று கேட்டவர் குறைவு.

ஒவ்வொரு தீயணைப்புச் சட்டைக்குள்ளும் ஒரு சின்னத் துண்டு தைத்திருக்கும். எந்தத் தரம், எந்த வருடம் செய்தது என்று அதில் இருக்கும். செய்து பத்து வருடம் கடந்தால் அந்தச் சட்டையை ஒதுக்கிவிட வேண்டும் என்பது அமெரிக்க விதி. எங்கட ஊர்ச் சட்டைகளில் அந்தத் துண்டு என்ன சொல்லுது? இதைக் கேட்க நாங்கள் இன்னொரு 91க்காகக் காத்திருக்கத் தேவையில்லை.