அவுரி முதல் பாலிஅனிலின் வரை: மின்கடத்தும் கரிமப் பலபடிகளின் முன்வரலாறு

மின்கடத்தும் கரிமப் பலபடிகளின் வரலாற்றை 1977ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவதே பாடநூல்களின் வழக்கம். ஷிரகாவா, மெக்டயர்மிட், ஹீகர் ஆகிய மூவரும் பாலிஅசெட்டிலீன் படலத்தை ஆலசன் ஆவிக்கு உட்படுத்தி, அதன் கடத்துதிறனை ஒரு கோடி மடங்குக்கும் மேல் உயர்த்திக் காட்டிய ஆண்டு அது. 2000இல் அவர்கள் நோபல் பரிசு பெற்றனர். இத்தொடக்கம் குறையுடையது என்பதே இக்கட்டுரையின் கருத்து. இத்துறையில் மிகுதியாக ஆராயப்படும் பாலிஅனிலின், அதற்கு நூறாண்டுக்கு முன்பே வேதியியலர் கையில் இருந்தது.

அனிலின் என்னும் பெயரே அவுரியைச் சுட்டுவது. சமற்கிருத 'நீல' அரபு வழியே போர்த்துக்கீசியத்தில் 'அனில்' ஆயிற்று. 1840இல் ஃபிரிட்சே, அவுரிச் சாயத்தைக் காரப் பொட்டாசுடன் சூடாக்கி வடித்த எண்ணெய்க்கு அதனையொட்டிப் பெயரிட்டார். (பின்னாளில் அனிலினிலிருந்தே ஆக்கப்பட்ட செயற்கை நீலம் அவுரி வேளாண்மையை நலிவித்தது தனி வரலாறு.)

1862இல் இலண்டனில் லெத்தபி, கந்தக அமிலத்தில் கரைத்த அனிலினை மின்னாற்பகுத்தபோது பிளாட்டின மின்முனையில் நீலப் படிவு ஒன்று தோன்றியது. ஆக்சிஜனேற்றத்திலும் ஒடுக்கத்திலும் அதன் நிறம் மாறுவதையும் அவர் கண்டார். இன்றைய நோக்கில் அது பாலிஅனிலினே. ஆயினும் அவர் காலத்தார் அதனைச் சாயமாகவே கண்டனர். பருத்தித் துணிக்குக் கருமையேற்றும் 'அனிலின் கறுப்பு' அதன் இனத்தது. 1910இல் கிரீனும் உட்ஹெட்டும் அதன் ஆக்சிஜனேற்ற நிலைகளை வகுத்து எமரால்டின் முதலிய பெயர்களால் குறித்தனர். அவர்கள் கருதியதோ எட்டு அனிலின் அலகுகள் கொண்ட மூலக்கூறு. பெருமூலக்கூறு என்னும் கருத்தை ஸ்டாடிங்கர் முன்வைத்தது 1920இல்தான். எனவே தடையாய் இருந்தது பொருளின் அருமையன்று, கருத்தின் இன்மையே. கரிமப் பொருள் மின்காப்பி என்னும் நம்பிக்கை நிலவியவரை அதன் கடத்துதிறனை அளக்க முனைந்தோர் சிலரே.

பாலிஅசெட்டிலீன் காற்றில் சிதைவது. ஆகவே 1980களில் மெக்டயர்மிட் பாலிஅனிலினை நாடினார். எமரால்டின் காரம் அமிலத்தில் புரோட்டான் ஏற்றுக் கடத்தியாகிறது. எலக்ட்ரான் எண்ணிக்கையோ மாறுவதில்லை. இதனைக் காண அரிய கருவிகள் வேண்டா. குடவாசல் போன்ற காவிரிப் படுகை ஊரின் கல்லூரி ஆய்வகத்திலும், நச்சுத்தன்மைக்குரிய காப்புடன், பனிக்கட்டியில் குளிர்வித்த அமில அனிலின் கரைசலில் அம்மோனியம் பெர்சல்பேட்டைச் சேர்த்தால் பச்சை வீழ்படிவு கிடைக்கும். அம்மோனியா அதனை நீலமாக்கும். அமிலம் மீண்டும் பச்சையாக்கும்.

தமிழகத்தில் இப்பொருள் அரிமான ஆய்விலும் இடம்பெற்றது. அழகப்பச் செட்டியாரின் கொடையால் 1948இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1953இல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தில், பாலிஅனிலின் கலந்த காப்புப் பூச்சுகள் ஆராயப்பட்டன. வண்ணப்பூச்சு ஈரத்தை மறைத்து எஃகைக் காப்பது. பாலிஅனிலினோ இரும்பின் மேற்பரப்பிலேயே ஆக்சைடுப் படலம் உருவாகத் துணைசெய்வதாக விளக்கப்படுகிறது.