சிவகாசிப் பட்டாசுத் தொழிலும் பொறுப்புச் சட்டங்களும்

விருதுநகர் மாவட்டத்தின் பட்டாசு, தீப்பெட்டித் தொழிலில் குழந்தை உழைப்பையும் வெடிவிபத்தையும் கட்டுப்படுத்தும் சட்ட ஏற்பாடுகள் பல உள்ளன. இவற்றில் தலையாயது எம்.சி. மேத்தா எதிர் தமிழ்நாடு அரசு வழக்கு. சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அக்குடும்பத்தில் வயது வந்த ஒருவருக்கு வேலை தேடித்தருவது அரசின் பொறுப்பு. முடியாவிட்டால் முதலாளி கட்டிய தொகையுடன் அரசு 5,000 ரூபாய் சேர்க்க வேண்டும். அந்தத் தொகையின் வருமானம் குடும்பத்துக்கு, பிள்ளை பள்ளிக்குச் சென்றுகொண்டிருக்கும் வரை மட்டும். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தம் 14 வயதுக்கு உட்பட்டோரை வேலைக்கு வைப்பதற்கே தடை விதித்தது. குடும்பத் தொழிலுக்கு விலக்கு உண்டு. அதிலும் ஆபத்தான தொழில்கள் சேராது.

சிக்கல் ஆலைச் சுவருக்கு வெளியேதான். திரி வெட்டுவதும் காகிதக் குழாய் சுருட்டுவதும் வீட்டுத் திண்ணைகளில் நடக்கும், கூலி எண்ணிக்கைக்கு. உள்ளேயோ, ஒருவர் பெயரில் ‘நாக்பூர் லைசென்ஸ்’ (நாக்பூரிலுள்ள மத்திய வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் உரிமம்), அறைகள் வேறொருவருக்கு உள்குத்தகை. ஆள் கூடினால் மரத்தடியிலும் வெடிமருந்து செலுத்துவார்கள். வெடிபொருள் விதிகள் 2008 இதற்கு இடம்தரவில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் நடந்த வெடிவிபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

உச்ச நீதிமன்றத்தின் 2018 அக்டோபர் 23 தீர்ப்பு பேரியம் உப்புகளைத் தடுத்து, மாசு குறைந்த பசுமைப் பட்டாசைக் கட்டாயமாக்கியது. காற்றுக்குக் கிடைத்த கவனம் ஆலை அறைக்குள் வேலை செய்பவருக்குக் கிடைக்கவில்லை. பங்குச்சந்தை ஒழுங்காற்று வாரியமான ‘செபி’ கோரும் நிறுவனப் பொறுப்பு அறிக்கையும் இங்கு எட்டாது; அது பங்குச்சந்தையில் பட்டியலிட்ட முதல் 1,000 நிறுவனங்களுக்கே. இங்குள்ளவை பெரும்பாலும் குடும்ப நிறுவனங்கள். ஜெர்மனியில் 2023-இல் நடைமுறைக்கு வந்த விநியோகச் சங்கிலிச் சட்டம்போல வாங்குபவரைப் பொறுப்பாக்கும் சட்டம் இந்தியாவில் இல்லை.