முத்துக்கரையின் முதல் வரைவு

உடனே செய்ய வேண்டியதைக் காலம் நீட்டிச் செய்யும் இயல்பைத் திருவள்ளுவர் ‘நெடுநீர்’ என்னும் சொல்லால் குறிக்கிறார். மறதி, சோம்பல், உறக்கம் ஆகியவற்றோடு இதனைச் சேர்த்து, கெடப்போகிறவர்கள் விரும்பி ஏறும் மரக்கலம் என்று பரிமேலழகர் பொருள் கொள்கிறார். தள்ளிப்போடுதல் ஏறுகிறவனுக்கு இன்பம் தரும் ஒரு பயணம் என்பதை அறிந்திருந்த இவ்வுரை, மரக்கலங்களாலேயே பிழைத்த தூத்துக்குடிக் கரையின் எழுத்து வரலாற்றுக்கு வியப்பூட்டும் வகையில் பொருந்துகிறது. உரைநடையில் கதை சொல்லும் பெருநூல் 16ஆம் நூற்றாண்டிலேயே எழுந்த இக்கரையில், பரதவர் குலத்தில் பிறந்த ஒருவர் தம் மக்களைப் பற்றிய நாவலின் முதல் வரைவை, அதாவது திருத்தங்களுக்கு முந்திய முழு எழுத்துப்படியை, முடித்து அது நூலாகிப் பரவலாக வாசிக்கப்பட 2004 வரை ஆயிற்று.

அந்தப் பழைய நூலை எழுதிய அன்றீக்கு அன்றீக்கசு அடிகளார் போர்த்துக்கல்லில் பிறந்து 1546இல் இந்தியா வந்தவர்; முத்துக்குளித்துறையில், அதாவது வேம்பாறு முதல் குமரிமுனை வரை பரந்த கரையில், தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்து 1600இல் இறந்தவர். மொழியில் முழுத் தேர்ச்சி வந்தபின் எழுதலாம் என்று அவர் காத்திருக்கவில்லை என்பதே இங்குக் கருதத்தக்கது. தமக்குப் பின் வரும் சேசு சபையாருக்குத் தமிழ் கற்பிப்பதற்கான இலக்கண நூலை, வந்து மூன்றாண்டுகள் அளவில், 1549ஐ ஒட்டியே அவர் எழுதலானார். 1578இல் கொல்லத்தில் 16 பக்கமே கொண்ட தம்பிரான் வணக்கமும், அடுத்த ஆண்டு கொச்சியில் கிரிசித்தியானி வணக்கமும் அச்சேறின. 1586இல் வந்த அடியார் வரலாறு 600 பக்கங்களைத் தாண்டியது. அது புன்னைக்காயலில் அச்சானதாக ஆய்வாளர் பலர் கொள்கின்றனர். புனிதர்களின் வாழ்வைப் பேச்சும் நிகழ்ச்சியுமாக விரித்துரைக்கும் அந்நூல் புனைகதை அன்று. ஆயினும் கதையைச் செய்யுளின் துணையின்றி நெடுக நடத்திச் செல்லலாம் என்பதை அது காட்டிவிட்டது. அச்சுக்கூடத்துக்குப் பரதவரே பணம் தந்தனர் என்பது இம்முயற்சியின் மறுபாதி: நூல் எழுதப்படுவதற்கு முன்பே அதற்கான வாசகர் கடற்கரையில் காத்திருந்தனர்.

அதன்பின் நேர்ந்த நீண்ட மௌனத்தைச் சோம்பல் என்று சொல்லிவிடுவது அநீதி. கரையில் கதை இல்லாமல் இல்லை. வலையிழுக்கும்போது பாடும் அம்பாப் பாடல்களிலும், கத்தோலிக்க ஊர்களில் இரவு முழுதும் நடந்த வாசாப்பு எனப்படும் நாடகங்களிலும் அது தங்கியிருந்தது. அவை கூடி நின்று செய்யும் கலைகள். தனியே அமர்ந்து தாளை நிரப்பும் வேலைக்கு அவை ஒருவரைப் பழக்குவதில்லை. தொழிலின் இயல்பும் ஒரு காரணமாகலாம். சலாபம் என்பது முத்துக்குளிப்பு நடந்த பருவத்துக்கு இக்கரையார் இட்ட பெயர். கடலடியில் சிப்பி படிந்த பார்களை அரசு அலுவலர் முதலில் சோதித்தனர். மாதிரிச் சிப்பிகளை எடுத்து வயதும் முத்தின் மதிப்பும் கணித்தனர். ஆதாயம் உண்டு என்று தெளிந்த பிறகே சலாபம் அறிவிக்கப்பட்டது. குளிக்கல்லைப் பற்றி இறங்கிய குளியாள் தன் மூச்சுக்கு மட்டுமே உரிமையாளனாக இருந்தான். என்று இறங்குவது என்பதை முடிவு செய்தவர் வேறொருவர். 19ஆம் நூற்றாண்டில் பத்தாண்டுகளைக் கடந்தும் சலாபம் கூடாத இடைவெளிகள் உண்டு. சிப்பி முதிரக் காத்திருப்பது தொழில்நுட்பம். அப்பழக்கம் எழுத்துக்குள் நுழைந்தால் அது நெடுநீராகிவிடும். முத்தெடுத்தலை எழுத்துக்கு உவமையாக்கி மகிழும் மேடைப் பேச்சாளர்கள் இந்த வேறுபாட்டைப் பொதுவாகக் கவனிப்பதில்லை.

தொடங்கத் தூண்டும் விசை எங்கிருந்து வருகிறது என்பதற்குத் துறைமுகத்தோடு பெயர் பிணைந்த வ.உ.சிதம்பரனார் ஒரு சான்று தருகிறார். 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவியவர், வழக்குகளும் கணக்குகளும் நிறைந்திருந்த நாளில் தம் வரலாற்றை எழுதவில்லை. 1908இல் தொடங்கிய சிறைவாசத்தின்போது, பரலி சு.நெல்லையப்பரின் வேண்டுகோளுக்கு இணங்கியே செய்யுள் வடிவில் தன்வரலாறு எழுதினார். ஓய்வு மட்டும் அதை எழுத வைத்திருக்காது. சிறையில் ஓய்வைவிட உழைப்பே மிகுதி. எழுதி அனுப்பினால் வாங்கிக்கொள்ள வெளியே ஒருவர் இருந்தார்.

தூத்துக்குடி மாவட்டத்தின் கரிசல் நிலத்தில் கி.ராஜநாராயணனுக்கும் ஏறத்தாழ இதுவே நிகழ்ந்தது. இடைசெவலில் உழவராக வாழ்ந்த அவர், இளமையிலேயே எழுத்தாளராகிவிட்ட தம் ஊர் நண்பர் கு.அழகிரிசாமியோடு நெடுங்காலம் கடிதம் எழுதிப் பழகியபின், 1950களின் இறுதியில், முப்பத்தைந்தை ஒட்டிய வயதிலேயே சிறுகதைக்கு வந்தார். கோபல்ல கிராமம் 1976இல் வெளிவந்தது. கடிதத்தில் பேச்சுமொழி தன்னிச்சையாக அமர்ந்துவிடுகிறது. இலக்கியம் எழுதப்போகிறோம் என்ற அச்சம் கையைப் பிடிப்பதில்லை.

கடலோரத்தைப் பற்றிய நாவல்களை முதலில் எழுதியவர்களுள் குறிப்பிடத்தக்க இருவர் கரைக்கு வெளியிலிருந்து வந்தவர்களே. திருநெல்வேலிக்காரரான வண்ணநிலவன், நாட்டுப் படகான வல்லத்துக்கும் விசைப்படகான லாஞ்சிக்கும் இடையே மூண்ட பகையை மணப்பாட்டுப் பக்கத்துக் கிறித்தவ மீனவர் பேச்சில் எழுதிய கடல்புரத்தில் 1977இல் வந்தது. ராஜம் கிருஷ்ணன், எழுதப்போகும் மக்களின் நடுவே நேரில் சென்று செய்தி திரட்டும் தம் வழக்கப்படி, மீனவரைப் பற்றி அலைவாய்க்கரையில் நாவலையும், தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரைப் பற்றிக் கரிப்பு மணிகளையும் அப்பத்தாண்டின் இறுதியில் தந்தார். செய்தி திரட்டுவதே எழுதாமலிருக்கத் தக்க சாக்காகிவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. அவர் அதில் சிக்கவில்லை. உள்ளிருப்பவருக்கு இவ்வேலை கடினமாவதற்குக் காரணம், தெரிந்தவை மிகுதியாக இருப்பதுதான். காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் மீனுக்கும் கட்டுமரத்தின் ஒவ்வோர் உறுப்புக்கும் தனிப்பெயர் அறிந்தவர், நிலத்தில் வாழும் வாசகருக்கு எதை முதலில் சொல்வது என்று திகைக்க நேரும்.

தொடக்கத்தில் குறித்த பரதவர் குலத்தவரான, 1963இல் உவரியில் பிறந்து, கப்பல் துறையில் பணியாற்றிவந்த ஜோ டி குருஸ், நாவலுக்கு முன் எழுதியவை கவிதைகள். அத்தொகுப்புக்குப் புலம்பல்கள் என்று பெயர். பதிப்பாளர் தமிழினி வசந்தகுமாரின் தூண்டுதலே அவரை நாவலுக்குத் திருப்பியது. 2004இல் வெளிவந்த ஆழி சூழ் உலகு, 1933 முதல் 1985 வரையிலான கட்டுமர வாழ்வை ஆமந்துறை என்னும் கற்பனை ஊரில் வைத்து, கரையின் சொற்களைப் பெரிதும் மாற்றாமல் சொல்கிறது. வாசகர் புரிந்துகொள்வாரா என்ற ஐயத்தில் சொற்களை முன்கூட்டியே சமன்செய்யத் தொடங்கியிருந்தால் அந்நூல் தன் உயிரை இழந்திருக்கும். பெரும்பாலோரின் முதல் வரைவு இவ்விடத்தில்தான், எழுதுமுன்னரே திருத்தும் பழக்கத்தால், நின்றுவிடுகிறது.

தொடங்கியபின் கை நிற்கவில்லை. தோணித் தொழிலையும் துறைமுக நகரையும் மையமாகக் கொண்டு 1914 முதல் 2000 வரை விரியும் அவருடைய கொற்கை, ஆயிரம் பக்கங்களைக் கடந்து 2009இல் வெளிவந்தது. 2013ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதையும் பெற்றது. தூத்துக்குடியில் கடைசியாகச் சலாபம் கூடிய 1961ஆம் ஆண்டு அந்நாவலின் காலப்பரப்புக்குள்ளேயே வருகிறது.